ஒத்துக்கார ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நேற்று சாயங்காலம் நாகசுரத்தை எடுத்து வைத்துக்கொண்டு தோடி ராகத்தில் ஓர் இழை வாசித்தேன், மூச்சு தாங்கியது. அந்தச் சூட்டிலேயே இதை எழுதுகிறேன்.

ரத்தம் கொடுக்க ஓடி வந்தவர்கள், ராத்திரியில் துணைக்குப் படுத்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர்கள், என் மேசை வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலக நண்பர்கள், டாக்டர், நர்சம்மாக்கள் எல்லோருக்கும் கும்பிடு. பெயர் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஒருவரை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில், நாகசுரத்துக்குச் சுருதி கொடுக்கும் குழலான ஒத்தை உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் வாசலில் நின்றார். அதற்கு முன்னால் பார்த்துப் பழக்கமில்லை. "நீங்க வாசிக்க வேணாம் தம்பி, சுருதியைக் கேட்டுக்கிட்டே படுத்திருங்க" என்றவர், வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துக்கொண்டு ஊதத் தொடங்கினார்.

ஒத்தில் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே சுரம்தான். வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை வாங்கி, அறுபடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுருதிப் பெட்டி வந்த பிறகு அந்த வேலைக்குக் கூப்பிடுவார் இல்லை. நாலு படி ஏறினாலே இரைத்துக்கொண்டிருந்த நான், இழை அறாத அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னை அறியாமல் 'ஸ' என்று சட்ஜத்தை முனகியிருக்கிறேன். "போதும், நாளைக்குப் பஞ்சமம்" என்று எழுந்துவிட்டார். மறுநாளும் வந்தார். அதற்கப்புறமும் வந்தார். என் மனைவி கொடுத்த கவரை ஜன்னலிலேயே வைத்துவிட்டு, காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போவார்.

நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) எனக்குத் தெய்வம். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு, சுத்த மத்தியமம் என்கிற 'ம' சுரம் சுத்தமாகப் பேசும்படி, பாரி என்கிற நீண்ட நாகசுரத்தைச் செய்ய வைத்தவர். என் கையில் இருப்பதும் அந்த ஊர் ஆச்சா மரத்துப் பாரிதான். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் வீட்டில் பாயசம் வைத்தோம். ஆனால் ஒத்தை ஒதுக்கித் தம்புராவைச் சேர்த்துக்கொண்டவரும் பிள்ளைவாள்தான் என்பார்கள். அதையும் அவர் மேதைமைக் கணக்கிலேயே வரவு வைத்திருந்தேன். இப்போது அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்குச் சின்ன மனத்தாங்கல். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

வருகிற நவராத்திரியில் கோயிலில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுருதிப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரப்போகிறேன்; ஐயா ஒத்துப் பிடிக்கச் சம்மதித்துவிட்டார். சன்மானம் இரண்டு பேருக்கும் சமம். அவர் வாங்க மறுத்தால் நானும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், முறைத்தார். தவிலுக்கு யார் வருகிறீர்கள்?