இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடு

அன்பு மகளுக்கு,

பெரிய வெள்ளிக்கு முன் அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கவேண்டும், சிலுவையையும் உயிர்ப்பையும் எப்படி விளங்கப்படுத்துவது என்று கேட்டிருந்தாய்.

நற்செய்தியைத் திறக்க முதல், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 15ஆம் அதிகாரம் 3 முதல் 8 வரை வாசி. கி.பி. 50களில் எழுதியது. அதிலும் தான் பெற்றுக்கொண்டதையே கையளிப்பதாகப் பவுல் சொல்கிறார். கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் உயிருடன் எழுப்பப்பட்டார், கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்குத் தோன்றினார். இந்த நாலும் ஒரே மூச்சில் வருகின்றன. பிரித்துச் சொன்னால் பிழையாகிப் போகும்.

எங்கள் பக்கத்தில் சிலுவைப்பாதையும் பாடுகளின் காட்சியும் ஒப்பாரியும் மனதைப் பிடித்துவிடுவதால், உயிர்த்த ஞாயிறு பின்தங்கிவிடுகிறது. சிலுவையோடு நிறுத்தினால், கோபம்கொண்ட தந்தை மகனை வதைத்து ஆறுதலடைந்தார் என்றுதான் பிள்ளைகள் எடுப்பார்கள். அது எங்கள் விசுவாசம் அல்ல. தம் உயிரை எவரும் பறிக்கவில்லை, தாமாகவே கொடுக்கிறார் என்று யோவான் 10:18இல் இயேசு சொல்கிறார். கடவுளே கிறிஸ்து வழியாக உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறது 2 கொரிந்தியர் 5:19. இந்த இரண்டையும் கட்டாயம் வாசிக்கக் கொடு.

உயிர்ப்பை மட்டும் சொன்னால், செத்தவர் எழும்பின அதிசயமாய்ப் போய்விடும். அதற்கு, இயேசு உயிர்ப்பித்த இலாசரையும் இயேசுவையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. யோவான் 11:44இல் இலாசர் கைகால் கட்டுண்டு, முகத்தில் துணி சுற்றியபடி வெளியே வருகிறார். மற்றவர்கள்தான் கட்டவிழ்க்க வேண்டும். அவர் பிறகும் இறக்கவேண்டியவர். 20ஆம் அதிகாரத்திலோ துணிகள் கல்லறைக்குள்ளேயே கிடக்கின்றன; தலையை மூடியிருந்த துண்டு தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடக்கத்துக்கு நிக்கதேம் கொண்டுவந்த வெள்ளைப்போளமும் அகிலும் ஏறக்குறைய 33 கிலோ; அவற்றோடு சுற்றிக் கட்டிய துணிகள் அவை. இயேசு பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை. சாவு இனித் தொடமுடியாத வாழ்வுக்குள் போய்விட்டார்.

வெள்ளி பின்னேரம் முதல் ஞாயிறு காலை வரை எப்படி மூன்று நாள் என்று யாராவது கேட்பான். நாங்கள் முப்பத்தொராம் நாளுக்கு இறந்த நாளையும் சேர்த்து எண்ணுவதைப் போலத்தான் யூதரும் எண்ணினார்கள்.

ஆனால் உயிர்த்த இயேசுவின் உடலில் சிலுவைக் காயங்கள் மாறவில்லை, பிள்ளை. சீடர் தோமாவுக்கு அவர் காட்டியது அவற்றைத்தான். உயிர்ப்பு சிலுவையை அழித்துவிடவில்லை. சனி இரவுத் திருவிழிப்பில் பாஸ்காத் திரி என்கிற பெரிய மெழுகுதிரியைக் கிட்டப்போய்ப் பார்க்கச் சொல்லு: சிலுவை அடையாளம், அகரமும் னகரமும், அந்த ஆண்டின் நாலு இலக்கங்கள், சிலுவையில் பதித்த ஐந்து சாம்பிராணி மணிகள். அந்த ஐந்தும் ஐந்து காயங்கள். இருண்ட கோவிலுக்குள் முதல் வெளிச்சம் அந்தத் திரியில்தான் வருகிறது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கசையடியை விவரிக்காதே, பயம்தான் மிஞ்சும். அவர்களுக்கு யோவான் 21ஐ எடு. தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே நின்று பேதுரு மூன்று முறை மறுதலித்தார். இங்கே இயேசு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிடக் கூப்பிட்டு, பேதுருவிடம் மூன்று முறை அன்பைக் கேட்கிறார். பாவ மன்னிப்பை இதைவிடத் தெளிவாக அவர்களுக்குக் காட்டமுடியாது. 18:18ஐயும் 21:9ஐயும் ஒரே நாளில் வாசி, ஒரு கிழமை இடைவெளி விட்டால் மறந்துபோவார்கள்.

அன்புடன்,
அப்பா