பெரம்பலூர் நண்பனுக்கு

ஹட்டன்,
சித்திரை மாதம்.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் தலைமன்னாரில் கப்பலேறிப் போன நீ, இன்று பெரம்பலூர்க் கரிசலில் சொந்த நிலத்தில் பருத்தி விதைக்கிறாய் என்பதை இங்குள்ள நம் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம்.

சென்ற போகத்தில் செடி இடுப்பளவுகூட வளரவில்லை என்றும், பிடுங்கிப் பார்த்தபோது ஆணிவேர் ஒரு சாண் ஆழத்தில் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது என்றும் எழுதியிருந்தாய். குறை உரத்தில் இல்லை, அடிமண்ணில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் டிராக்டர் ஒரே ஆழத்தில் உழுதால் அதற்குக் கீழே மண் இறுகிக் கடினத் தட்டாகிவிடும். அதைத் துளைத்துக்கொண்டு பருத்தியின் வேர் இறங்க முடியாது, மழை நீரும் இறங்காது. உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் முதலில் நெடுக்கிலும் பிறகு குறுக்கிலும் ஓட்டு. நிலம் காய்ந்திருக்கும்போதே ஓட்ட வேண்டும். ஈரத்தில் உளி மண்ணை அறுத்துக்கொண்டு போகுமே தவிர, தட்டு நொறுங்காது. பழைய பருத்திமாரை வேரோடு பிடுங்கி அகற்றிவிடு. கோடை உழவில் மேலே வரும் கூட்டுப்புழுக்களை வெயிலும் கொக்குகளும் பார்த்துக்கொள்ளும். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரத்தைக் கடைசி உழவில் கலந்துவிடு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவும் அதுவே.

இங்கே தேயிலை மலைகளுக்கு டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைப் போடுவதைப் பார்த்த பழக்கத்தில், அங்கும் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். தேயிலை மண்ணின் கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருப்பதால், அது மேலும் புளிக்காமலிருக்க நாம் டொலமைட் போடுகிறோம். உன் கரிசலிலோ சுக்கான்கல்லாகவே சுண்ணாம்பு கிடக்கிறது.

நம் வழக்கத்தில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே கன்று நடாமல், ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் குவாத்தமாலாப் புல்லை வளர்த்து, வெட்டி வெட்டி மண்ணிலேயே பரப்புகிறோம். உன்னால் அவ்வளவு காலம் பொறுக்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் பருத்திக்குப் பின் மீண்டும் பருத்தியே போடாமல், பாதி நிலத்திலாவது ஒரு போகம் உளுந்து விதைத்துப் பார். சரிவுக்குக் குறுக்கே நாம் நீர் வடியக் கான் வெட்டுவதைப் போல அங்கே பார் பிடித்து, மேட்டு வரிசைகளில் விதைப்பதும் அவசியம். பருத்தியின் வேர் நீர் தேங்கினால் தாங்காது.

உளிக்கலப்பைக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன், மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக முழங்கால் ஆழக் குழி தோண்டி, தட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து எனக்கும் எழுது.

இப்படிக்கு,
உன் நண்பன்