ஏழு மில்லிமீட்டர்

அன்புள்ள பாலு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். இங்கு அனைவரும் நலம்; அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். மௌனத்துக்குக் காரணம் சோம்பலன்று, வெட்கம். நான் செய்துகொண்டிருந்த மாதிரி ரயில் எஞ்சின் முடிந்தது என்று எழுதக் காத்திருந்தேன். அது இந்த உருவில் இனி முடியப்போவதில்லை.

பிரிட்டிஷ் நீராவி எஞ்சின் ஒன்றின் அளவுகளையெல்லாம் 76.2-ஆல் வகுத்து, அதாவது ஓஓ எனப்படும் மாதிரி ரயில் ஸ்கேலில் பித்தளைத் தகடு வெட்டி, கொதிகலனையும் ஓட்டுநர் அறையையும் பற்றவைத்து முடித்தேன். மோட்டாரும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டத்தை மட்டும் ஆயத்தமாக வாங்கினேன், அது எச்ஓ, அதாவது அசலை 87 மடங்கு சுருக்கும் இன்னொரு ஸ்கேல். இரண்டுமே 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில்தானே ஓடுகின்றன, ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். அசலில் முதல் அச்சுக்கும் மூன்றாம் அச்சுக்கும் இடையே 4.5 மீட்டர், என் மேற்கூட்டில் அது 59 மி.மீ., 1:87 அடிச்சட்டத்திலோ 52கூட இல்லை. சக்கரம் ஓரிடத்தில், அதன் கவசம் வேறிடத்தில். அங்குலப் புலி என்று நீ சூட்டிய பட்டத்தை இன்றே திருப்பித் தருகிறேன்.

ஏழு மில்லிமீட்டருக்கா இத்தனை புலம்பல் என்று சிரிப்பாய். எச்ஓவைவிட ஓஓ ஏழில் ஒரு பங்குதான் பெரிது. ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அது கூடும்போது கனஅளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. தண்டவாளங்களின் இடைவெளி வேறு, அசலை எத்தனை மடங்கு சுருக்கினோம் என்பது வேறு. அதே 9 மி.மீ. பாதை 1:160-இல் அசல் ரயிலின் வழக்கமான 1435 மி.மீ. பாதைக்கு ஈடாகிறது, 1:76-இலோ 70 சென்டிமீட்டர்கூட இல்லாத குறுகிய பாதையாகிவிடுகிறது. நம் பௌதிக வாத்தியார் இருந்திருந்தால், "எதற்கு எது அளவடா?" என்று கேட்டே காதைத் திருகியிருப்பார்.

குழப்பத்தின் வேரைத் தேடியபோது, குற்றம் முழுவதும் என்னுடையதல்ல என்று தெரிந்தது. இவற்றைவிடப் பெரிய ஓ ஸ்கேலில் அசலின் ஓர் அடிக்கு 7 மி.மீ.; அதில் பாதியான 3.5தான் எச்ஓ. பிரிட்டிஷ் எஞ்சின்கள் அசலிலேயே ஒடுங்கியவை என்பதால், அக்காலத்து மோட்டார் அந்தச் சிறிய கூட்டுக்குள் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் அடிக்கு 4 மி.மீ. என்று பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள்; அதுதான் ஓஓ. 16.5-ஐ 76.2-ஆல் பெருக்கிப் பார், 1257 மி.மீ.தான் வருகிறது, 1435-க்கு 18 சென்டிமீட்டர் குறைவு. இதை அறிந்த பிறகு எந்த ஓஓ எஞ்சினையும் என்னால் முன்பக்கத்திலிருந்து பார்க்க இயலவில்லை. பருத்த உடம்பு ஒட்டிய கால்களில் நிற்பதுபோலவே தெரிகிறது.

கறாரான சிலர் 1435-ஐ 76.2-ஆல் வகுத்து வரும் 18.83 மி.மீ. பாதையே இடுகிறார்கள். எனக்கும் ஆசைதான்; ஆனால் பாதை பிரியும் இடங்கள் அனைத்தையும் கையால் மறுபடி செய்ய வேண்டும், சக்கர விளிம்புகளும் அத்தனை மெல்லியவை என்பதால் சிறு மேடுபள்ளத்துக்கே தடம் புரளும். ஆகவே 16.5-இலேயே இருந்துகொண்டு, 59 மி.மீ. இடைவெளியில் புதிய அடிச்சட்டத்தை நானே வெட்டுவது என்றும், எஞ்சினைப் பக்கவாட்டில் மட்டுமே பார்ப்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன். கோழைத்தனம் என்று நீ நினைத்தால் தயங்காமல் எழுது.

அச்சுத் துளைகளைக் குறிக்க, நுண்ணளவு பார்க்கும் என் வெர்னியர் அளவுகோல் வேண்டும். அதை நீ இரவல் வாங்கிச் சென்றது உனக்கு நினைவிருக்கும் என்றே நம்புகிறேன்.

அன்புடன்,
மணி