அந்தப் பட்டியலை எடுத்துவிட்டேன்

அஜீஸம்,

நேற்று ராத்திரி அந்தக் கட்டுரையை பிளாகிலிருந்து எடுத்துவிட்டேன். எட்டு வருடத்துக்கு மேல் கிடந்தது. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான், இன்னமும் யாராவது வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் பண்ணிக்கொண்டிருப்பார்கள். எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: 2017 ஜனவரி 27 அன்று, ஈரான் உட்பட ஏழு நாட்டுக்காரர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று டிரம்ப் கையெழுத்துப் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் ஒரு பட்டியல் போட்டேன், வெளிநாடு போய்ச் சாதித்த ஈரானியர்கள் என்று.

நீ கோர்மே சப்ஜிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். நான் எழுத எழுத உனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். அலி ஜவான், டெஹ்ரானில் பிறந்தவர், 1960 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ஹீலியம்-நியான் லேசரை எரிய வைத்தவர். காலேஜ் முதல் வருடத்தில் அந்தப் படத்தை எத்தனை தடவை வரைந்திருப்போம், இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, நடுவே குழாய். செய்தவர் எந்த ஊர் என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. அடுத்து லோத்ஃபி ஸாதே. அஜர்பைஜானின் பாகுவில் பிறந்து, டெஹ்ரானில் வளர்ந்து, பெர்க்லியில் உட்கார்ந்து 1965இல் ‘ஃபஸி’ கணங்களைப் பற்றி எழுதியவர். துணி ஒன்று அழுக்கு, இல்லாவிட்டால் சுத்தம் என்றில்லை, ‘கொஞ்சம் அழுக்கு’ என்பதற்கும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண் உண்டு என்ற மாதிரி. எங்கள் அம்மாவின் வாஷிங் மெஷின் மூடியில் ‘ஃபஸி லாஜிக்’ என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, அதை யாரையும் கிழிக்க விடமாட்டாள் என்றதும் அப்படிச் சிரித்தாய். “ஸாதேயை அஜர்பைஜான்காரர்களும் எங்கள் ஆள் என்பார்கள், ஜாக்கிரதையாக எழுது” என்றாய்.

அப்புறம் மரியம் மிர்ஸாகானி. 1994இலும் 1995இலும் கணித ஒலிம்பியாட் தங்கம், இரண்டாவது தடவை முழு மதிப்பெண். 2014இல் ஃபீல்ட்ஸ் மெடல், கணிதத்தில் மிகப் பெரிய விருதுகளில் ஒன்று, அதை வாங்கிய முதல் பெண்.

“அந்த பஸ்ஸைப் பற்றி எழுதினாயா?” என்று கேட்டாய்.

எனக்கு எந்த பஸ் என்றே தெரியவில்லை. 1998இல் அஹ்வாஸில் கணிதப் போட்டியை முடித்துக்கொண்டு டெஹ்ரான் திரும்பிய மாணவர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்ததையும், ஏழு மாணவர்கள் செத்துப்போனதையும், மரியம் பிழைத்ததையும் நீதான் சொன்னாய். சொல்லும்போது ஒரு வெந்தயத் தண்டை நகத்தால் பிளந்துகொண்டே இருந்தாய், நகம் முழுக்கப் பச்சை. “அந்த ஏழு பேர் உன் பட்டியலில் எங்கே வருவார்கள்?”

“ஏற்கெனவே நீளமாகிவிட்டது” என்றேன். நிஜமாகவே அதைத்தான் சொன்னேன்.

ஆனால் நான் மன்னிப்புக் கேட்பது அதற்கு இல்லை. கடைசிப் பத்திக்கு. உன் பெயர், உன் முகம், நீ அட்டை பிடித்து நின்ற படம். போடவேண்டாமே என்றாய். உங்கள் ஊரில் மூன்று தடவை வேண்டாம் வேண்டாம் என்றுவிட்டுத்தான் டீயை எடுப்பீர்கள், அதனால் இதுவும் தாரோஃப், மரியாதைக்குச் சொல்கிற வேண்டாம், என்று எடுத்துக்கொண்டேன், என்றுதான் இத்தனை வருடமும் கேட்டவர்களிடம் சொல்லிவந்தேன். இல்லை. அது நிஜமான வேண்டாம் என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால் ஊரில் உன் வீட்டாருக்கு என்ன வந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை, கமெண்டிலும் யாரும் கேட்க வேண்டாம்.

எங்கள் குடும்ப க்ரூப்பில் சித்தப்பா அந்தத் தடைக்குக் கைதட்டி பொம்மை போட்டுக்கொண்டிருந்தார். லேசரையும் மெடலையும் காட்டினால் அவர் மசியமாட்டார், ஸ்கைப்பில் அம்மாவுக்கு வணக்கம் சொன்ன பெண்ணைக் காட்டினால் மசிவார் என்று நினைத்தேன். மசிந்தார், அதுதான் கொடுமை. அப்படியானால் நான் செய்த தப்பு ஸாதே கணக்கில் எவ்வளவு, 0.7? நீ முழு ஒன்று போட்டாய்.

போட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினாய். கஹ்ர். நாங்கள் சின்ன வயதில் காய் விடுவோமே, அதே. ஒரே அடுப்பு, ஒரே ஃப்ரிட்ஜ், இரண்டு மாதம். இதுகூடப் பரவாயில்லை. உன் அப்பா படுக்கையில் இருந்ததை நீ போன பிறகு வேறு ஒருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரே ஒரு தடவை நுழைகிற விசா, போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை, அதனால்தான் நீ போகவில்லை என்பதும். ஒவ்வொரு டிசம்பரும் பெட்டி கட்டிக்கொண்டே “நீ எப்போது ஊருக்குப் போகிறாய்?” என்று உன்னைக் கேட்டிருக்கிறேன். மூன்று வருடம் என்னைக் கேட்கவிட்டாயே, இது எந்த ஊர் நியாயம்? என்னைப் பட்டிக்காடாக நிற்கவைத்து வேடிக்கை பார்த்தாயா?

சரி, அப்படி இருக்காது. தெரியும்.

அந்த ஆஸ்கர் ராத்திரி நினைவிருக்கிறதா? தடையைக் கண்டித்து ஈரானிய சினிமா இயக்குநர் ஃபர்ஹாதி விருது வாங்க வராமல், அவருக்காக அனூஷே அன்சாரியும் ஃபிரூஸ் நாதெரியும் மேடை ஏறினார்கள். 2006இல் விண்வெளிக்குப் போன முதல் ஈரானியர் அவர், இவர் நாசாவில் செவ்வாய்த் திட்டங்களை நடத்தியவர், இரண்டு பேரும் என் பட்டியலில் இருந்தவர்கள். நீ உன் அறையில் பார்த்தாய், நான் ஹாலில். உன் லேப்டாப்பில் கைத்தட்டல் இரண்டு நொடி முந்திக் கேட்டது. எழுந்து வந்து கதவைத் தட்டியிருக்கலாம், கதவு வரை வரவும் செய்தேன்.

அந்த ஜூலை 14 அன்று மரியம் இறந்துபோனபோது, நாற்பது வயதுதானே, உனக்கு போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. அடுத்த வருடம் ரியோவில் கௌச்சர் பிர்கர் ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கிய கொஞ்ச நேரத்திலேயே அதை எவனோ திருடிக்கொண்டு போனான். ஈரானின் மரிவானிலிருந்து அகதியாக இங்கிலாந்து போனவர், அவர் வைத்துக்கொண்ட பெயருக்கே குர்தியில் ‘புலம்பெயர்ந்த கணிதக்காரர்’ என்று அர்த்தமாம். புது மெடல் கொடுத்தார்கள். இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஆள் இல்லை. பட்டியலில் அவரைச் சேர்க்கலாமா என்று யோசித்து, சேர்க்காமல் விட்டேன்.

உன் தஹ்திக் பாத்திரம், அடிச்சோற்றை முறுக வைப்பாயே, அது என்னிடம்தான் இருக்கிறது. பூச்சு போய்விட்டது. இப்போது சோறு பொன்னிறமாகத் தட்டோடு கழன்று விழுவதில்லை, சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய முகவரிக்கு அனுப்பலாமா, மாறிவிட்டதா என்று மட்டும் சொல்.