வெறும் 'ஃபிக்ஸ்' என்று எழுதாதே, மகன்

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். வெள்ளவத்தையில் மூன்று நாளாக மழை. சித்தப்பாவின் கடைப் பில் புரோகிராமில் நீ செய்த மாற்றங்களை, அவற்றைப் பதிந்து வைக்கும் கிட்டிலிருந்து, நேற்றுத்தான் புல் பண்ணி என் கொம்பியூட்டருக்கு எடுத்தேன். 'பெறாமகன் மெல்பேணிலிருந்து செய்து தந்தது' என்று புறக்கோட்டையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவர் சொல்கிறார். எனக்கும் பெருமைதான்.

ஆனால் லொக்கை, அந்த மாற்றங்களின் பட்டியலை, பார்த்தேன். 'ஃபிக்ஸ்', 'ஃபிக்ஸ்', 'திரும்ப ஃபிக்ஸ்'. ஆறு கொமிட், அதாவது நீ ஆறு தரம் பதிந்த மாற்றங்கள்; குறிப்பு அவ்வளவுதான். எல்லாம் விடியப்புறம் 02:50, 03:10, பக்கத்தில் மெல்பேண் நேரம் என்று காட்டும் +1000.

எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? ஒரு கொமிட்டுக்கு ஒரு மாற்றம். கடைசியாகப் போட்டதில் சதக் கணக்கும் இருக்கிறது, பிரின்டர் எழுத்தும் இருக்கிறது, விலைக் கழிவும் இருக்கிறது. கழிவு ஏன் கூடியது என்று, எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் பிளேம் போட்டுப் பார்த்தால் உன் பெயர், அதன் பக்கத்தில் 'ஃபிக்ஸ்'. என்ன மாறியது என்று டிஃப் காட்டும். ஏன் மாற்றினாய் என்று அதற்குத் தெரியாது, மகன்.

உனக்குத் தெரியாததல்ல. 2024இல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனபோது நீ எழுதியதை இப்போதும் எடுத்து வாசிப்பேன். முதல் வரி, ஐம்பது எழுத்துக்குள்: 'வற் வீதத்தை 18 ஆக மாற்று'. பிறகு ஒரு வெற்று வரி. கீழே: 'ஜனவரி 1 முதல் நடைமுறை. முந்தைய பில்லைத் திரும்ப அச்சடித்தால் 15 தான் வரவேண்டும்.' அதை வாசித்தால் சித்தப்பாவுக்கே விளங்கும். அப்படி எழுதின பிள்ளை நீ.

நேரமில்லை என்பாய். சாப்பிடுகிறாயா? ஒரு கொமிட்டுக்கு ஒரு மாற்றம், அதன் காரணம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

போன வருஷம் அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று 'சின்ன செக்கப், யோசிக்காதே' என்று உனக்கு எழுதினேன். புது வேலை, லீவு கிடைக்காது, கிடந்து தவிப்பாய் என்று மறைத்தேன். கனடா மாமி சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நீ ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் நீயும் எல்லாவற்றையும் ஒரு சொல்லில் முடிக்கத் தொடங்கினாய். பிழை என்னுடையது.

அந்தக் கழிவுக் கொமிட்டை இனி அமெண்ட் பண்ணித் திருத்தாதே. புஷ் பண்ணி எல்லாரும் எடுக்கும் இடத்துக்கு ஏற்றியாயிற்று, இனி மாற்றினால் என்னிடம் உள்ள பிரதியும் குழம்பும். புதிதாக ஒன்று போட்டுக் காரணத்தை எழுது. எழுத ஏலாவிட்டால் கோல் எடு. உன்னுடைய மூன்று மணி இங்கே இரவு பத்தரை. அம்மா அந்த நேரம் படுப்பதில்லை.

அன்புடன்,
அப்பா