மச்சினனைத் திட்டுவதற்கு முன்னால்

பெங்களூரு
டிசம்பர் 18

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் உன் மச்சினனைத் திட்டியே தீர்த்திருக்கிறாய். சாந்தியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதக் கூடாதா? இங்கே என் வீட்டில் அதே முழங்கால் கதைதான். மாடிப்படி ஏற முடியாமல் கீழ் வீட்டுக்கே மாறிவிட்டோம்.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். கிளாஸ்கோவிலிருந்து மகன் கொண்டுவந்த விஸ்கி. பாதி காலியானபின் பீரோ மேல் வைத்திருக்கிறாய். விடியற்காலையில் பார்த்தால் மேல்பாதிக் கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாகத் துளி. மதியம் பார்த்தால் காணோம். உடனே தீர்ப்பு: "பய எடுத்துக் குடிச்சிட்டுத் தண்ணிய ஊத்தி வச்சிருக்கான்." ஏலே, ஊற்றின தண்ணீர் கீழே போய்க் கலந்துவிடாதா? மதியமானால் தானாகவா காய்ந்துபோகும்?

பாளையங்கோட்டை லேபில் நீ உடைத்த லீபிக் கண்டென்சர், ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்குமே அந்தக் கண்ணாடிக் குழாய், ஞாபகம் இருக்கிறதா? பிரேக்கேஜ் காசு கட்ட என்னிடம்தான் கடன் வாங்கினாய். அந்தக் கண்டென்சர் செய்த வேலையைத்தான் உன் பாட்டில் ராத்திரிதோறும் செய்கிறது. 20 டிகிரியில் சாராயத்தின், அதாவது ஆல்கஹாலின், ஆவியழுத்தம் (ஆவியாகக் கிளம்புகிற உந்துதல்) தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு. மூடி போட்டு வைத்தாலும் காலியிடம் முழுக்க ஆவி நிறைந்து நிற்கும். மேற்குச் சுவர் ஓரம் பீரோ என்கிறாய். பகலெல்லாம் வெயிலில் வெந்த சுவர், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏசி. கீழே இருக்கிற சரக்கு சீக்கிரம் ஆறாது. மேலே வெறும் மெல்லிசுக் கண்ணாடி, சட்டென்று குளிர்ந்துவிடும். சூடான இடத்திலிருந்து கிளம்பின ஆவி குளிர்ந்த இடத்தில் முட்டித் துளியாகிறது. இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கினால் சொட்டுமே, அதேதான். நன்றாகப் பார், ஏசிக் காற்று படுகிற பக்கம்தான் துளி அதிகமாக இருக்கும். வெயில் ஏறியதும் கண்ணாடி சூடாகி, துளி மறுபடி ஆவியாகிவிடும்.

இன்னொரு வேடிக்கை: அந்தத் துளி தண்ணீரே அல்ல. ஆவியில் சாராயத்தின் பங்கு கூடுதல் என்பதால், புதிதாகப் படிகிற துளி கீழே இருக்கிற சரக்கைவிடக் காரமானது. உன் மச்சினன் கலப்படம் செய்தான் என்பதற்கு நீ காட்டுகிற சாட்சி, பாட்டிலிலேயே வீரியமான சொட்டு!

ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே புகுந்துவிட்டது என்று சாந்தி சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரியில், ஈரம் பூரணமாக நிறைந்த காற்றிலேயே லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் தண்ணீர்தான் இருக்கும். காலியிடம் அரை லிட்டர் என்றே வைத்துக்கொள், 15 மில்லிகிராம். ஒரு சொட்டு என்பதே ஐம்பது மில்லிகிராமை ஒட்டி வரும். ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் காணும், அவ்வளவு முத்துக்கு எங்கே போவது? ஆனால் இதை அவளிடம் போய்ச் சொல்லித் தொலைக்காதே.

பாட்டிலைப் படுக்கப் போடாதே, ஒயின் மாதிரி இல்லை. சரக்கின் வீரியம் கார்க்கை அரித்துவிடும். ஃபிரிட்ஜிலும் வைக்காதே. ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற, ஆலையில் குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி குளிரில் கலங்கும். அதையும் அவன் தலையில்தான் போடுவாய். சின்ன பாட்டிலுக்கு மாற்றி வை. காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நாள் ருசி நிற்கும்.

தேவதைகள் பங்கு என்று எங்கோ படித்துவிட்டுக் கேட்டிருக்கிறாய். அது மரப்பீப்பாய்க்குச் சொல்வது. ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாகிப் போகும். இங்கே மைசூரு சாலையில் கும்பளகோடில் இருக்கிற அம்ருத் ஆலையில் 10 சதவீதத்துக்கு மேலேயே போகிறது. அவர்கள் ஒரு விஸ்கிக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்', பேராசைத் தேவதைகள், என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை வந்தபிறகு பெயரைப் படிப்பதோடு சரி.

ஆனால் உன் கண்ணாடிப் பாட்டிலுக்கும் தேவதைக்கும் சம்பந்தமில்லை. கடைசிப் பக்கத்தில், பின்குறிப்பாக, லேபிளில் நீ போட்ட பென்சில் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது, அதுவும் பத்தே நாளில், என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் உதைக்கிறது. இறுக மூடின பாட்டிலில் துளியாக ஒட்டினதெல்லாம் திரும்பக் கீழேதான் இறங்கும். இரண்டு விரற்கடை என்றால் 150 மில்லி இருக்கும். அவன் தண்ணீர் ஊற்றவில்லை என்பது மட்டும் உறுதி. ஊற்றியிருந்தால் கோடு சரியாக இருந்திருக்குமே.

பொங்கலுக்கு வருகிறேன். பீரோ சாவியை இடுப்பில் வை.

உன்,
ராமு