கொள்முதல் தேதியோடு லாரிக் கணக்கையும் அறிவியுங்கள்

மதுரை மாவட்டத்தில் நெல் கொள்முதலையும் நெல் இயக்கத்தையும் கவனிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் ஒருபோகம் நெல் விளைவிப்பவன் நான். அதற்கு முன் தனியார் அரிசி ஆலையொன்றில் கொள்முதல், கிடங்கு ஆகிய இரண்டு வேலைகளையும் பார்த்தவன். அடுத்த அறுவடைக்கான ஏற்பாடுகளை நீங்கள் தொடங்கும் முன் ஒரு கோரிக்கையை வைக்க விரும்புகிறேன். கொள்முதல் நிலையம் திறக்கும் நாளை அறிவிக்கும்போதே, அங்கே வாங்கும் நெல் எத்தனை லாரியில், எந்தக் கிடங்குக்கு அல்லது எந்த ஆலைக்குப் போகும் என்பதையும் முடிவு செய்து அறிவியுங்கள்.

மூட்டைக்கு 40 கிலோ வீதம் ஒரு நிலையம் நாளொன்றுக்கு 1,000 மூட்டை எடை போட்டால் 40 டன் நெல் சேரும். 10 டன் ஏற்றும் லாரி என்றால் தினமும் நான்கு நடை அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். இரண்டு நாள் லாரி வராவிட்டால் 2,000 மூட்டைகள் களத்திலேயே அட்டியாக அடுக்கப்பட்டு, தூற்றும் இயந்திரத்தை நிறுத்தவும் தராசு வைக்கவும்கூட இடமில்லாமல் போய்விடும். மூன்றாம் நாள் கொள்முதல் தானாகவே நிற்கும்.

அந்த நாட்களில் வரிசையில் காத்திருக்கும் நெல்லை அருகில் வந்து பாருங்கள். பகலெல்லாம் விரித்துக் காயவைத்து 17 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்த குவியல், தார்ப்பாய்க்கு அடியில் ஓரிரவு கிடந்தால் பனி இறங்கி, காலையில் ஈரப்பதமானி 18, 19 என்று காட்டும். மறுபடி கூலிக்கு ஆள் வைத்துக் கிளறிவிட வேண்டும். மழை நனைத்துவிட்டாலோ, குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியும். சில நாளில் அடிநெல்லில் வெள்ளை முளை விட்டிருக்கும். இதே பெரியாறு பாசனத்தின் 45,041 ஏக்கர் இருபோகப் பகுதியில், ஜூனில் தண்ணீர் திறக்கும் ஆண்டுகளில், முதல் போகம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே களத்துக்கு வருவதால், எங்களைவிட அங்குள்ள விவசாயிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

எடை போட்ட பிறகும் தொல்லை தீர்வதில்லை. களத்தில் கிடந்து காயும் நெல்லில் எடை குறைவது இயற்கை. அந்தக் குறைவுக்கு, நிலையத்தில் கொள்முதல் கணக்கை எழுதும் பட்டியல் எழுத்தரைப் பொறுப்பாக்கினால், அவர் அதை முன்கூட்டியே எங்கள் மூட்டையில் ஈடுகட்டப் பார்ப்பார். மூட்டைக்குக் கூடுதலாக நெல் கேட்பது தவறு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை; ஆனால் லாரியைத் தாமதமாக அனுப்பிவிட்டு அவரை மட்டும் தண்டிப்பதால் அது நிற்காது.

ஆலையில் நாங்கள் சாக்கு, சணல் இருப்பையும் கிடங்கில் எத்தனை டன்னுக்கு இடம் இருக்கிறது என்பதையும் பார்த்த பிறகுதான் வியாபாரிக்கு நாள் சொல்வோம். புதிய சணல் சாக்குகள் பெரும்பாலும் மேற்கு வங்க ஆலைகளிலிருந்து வர வேண்டியவை. அறுவடை தொடங்கிய பிறகு கேட்டால் காலத்தில் வந்து சேராது. உங்களுக்கோ எங்களைவிட ஒரு வசதி உண்டு. அணையில் தண்ணீர் திறந்த நாளும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் கணக்கும் கையில் இருக்கும்போது, எந்த ஊரில் எந்த வாரம் ஏறத்தாழ எவ்வளவு நெல் வரும் என்று மாதங்களுக்கு முன்பே கணித்துவிடலாம்.

ஆகவே, சாக்கு இருப்பையும் லாரி ஒப்பந்தத்தையும் உறுதி செய்த பிறகே நிலையத்தைத் திறக்க வேண்டும். அரவைக்கு உடனே எடுக்கும் ஆலைகளுக்கு நெல்லைக் களத்திலிருந்து நேராக அனுப்பினால், கிடங்கில் ஒருமுறை இறக்கி மறுபடி ஏற்றும் கூலியும் சிந்தும் நெல்லும் மிச்சமாகும். ஒவ்வொரு நிலையத்திலும் அன்றைய இருப்பு, அன்று வந்த லாரி, மறுநாள் வரவேண்டிய லாரி ஆகிய மூன்றையும் பலகையில் எழுதி வைக்கச் செய்யுங்கள். இடமில்லாத நாளில் நாங்கள் நெல்லை வீட்டிலேயே வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்து நெல் விவசாயி ஒருவர்